செறிவு புரியாததற்குத் தமிழ்ப்பள்ளியா காரணம்?



கடந்த பள்ளி விடுமுறையில் என் பழைய மாணவி ஒருத்தி தன் தாயாருடன் என் இல்லத்திற்கு வந்திருந்தாள். ஆறாண்டுகள் என் கண்முன்னே வளர்ந்த பிள்ளை. இப்பொழுது மெட்ரிகுலேஷன் கல்லூரியில் உயிரியல் பயில்கிறாள். நலம் விசாரித்து முடிப்பதற்குள் தாயார் பையைத் திறந்து ஓர் ஆய்வறிக்கையை எடுத்து என்முன் வைத்தார். நொதிகளின் வேகத்தைப் பற்றிய ஆய்வு. பக்கம் முழுவதும் சிவப்பு மை. "தளப்பொருளின் செறிவு தவறு, எனவே இதன்பின் வரும் அனைத்தும் தவறு" என்னும் பொருளில் ஒரு வரி எழுதப்பட்டிருந்தது.

"தமிழ்ப்பள்ளியில போட்டதுதான் டீச்சர் நாங்க செஞ்ச தப்பு. உங்களைச் சொல்லல. ஆனா அடிப்படையே தமிழா போச்சு. இப்ப பிள்ளை தடுமாறுது. தம்பியையாவது வேற பள்ளியில போடலாம்னு இருக்கோம்" என்றார் அத்தாயார்.

தம்பிக்கு ஆறு வயது. அடுத்த ஆண்டு முதலாம் ஆண்டில் காலெடுத்து வைக்கவேண்டிய பிள்ளை. சிவப்பு மையிட்ட ஒரு தாளை முன்வைத்து அவனுடைய பள்ளியைத் தீர்மானிக்க அக்குடும்பம் முற்பட்டிருந்தது. நம் ஜொகூர் மாநிலத்தில் ஏறத்தாழ 70 தமிழ்ப்பள்ளிகள் இருக்கின்றன. அவை ஒவ்வொன்றின் வாயிலிலும் ஆண்டுதோறும் இதே வழக்கு, இதே குற்றச்சாட்டு, இதே தீர்ப்பு. குற்றம் சாட்டப்பட்டவரின் தரப்பை எவரும் கேட்பதில்லை. ஆகவே அந்தத் தாளையே சான்றாக எடுத்துக்கொண்டு இவ்வழக்கை இங்கே விசாரிப்போம்.

அத்தாளில் இருந்த பிழை யாது?

நொதி என்பது உயிர்களின் உடலில் வேதிவினைகளை விரைவுபடுத்தும் பொருள். அது எந்தப் பொருளின்மீது வினைபுரிகிறதோ அதுவே தளப்பொருள். நாம் சோற்றை மெல்லும்போது உமிழ்நீரிலுள்ள நொதி மாவுச்சத்தை உடைக்கிறது; அங்கே மாவுச்சத்து தளப்பொருள். அம்மாணவி செய்த ஆய்வில் தளப்பொருள் நாம் அன்றாடம் தேநீரில் கலக்கும் சீனி. நொதி, ஈஸ்ட்டிலிருந்து பெறப்படும் இன்வர்டேஸ். அது சீனியைக் குளுக்கோசாகவும் ஃபிரக்டோசாகவும் பிரிக்கும்.

அவளுக்கு ஐந்து சீனிக் கரைசல்கள் கொடுக்கப்பட்டிருந்தன. அவற்றின் செறிவு முறையே 25, 50, 100, 200, 400 மில்லிமோலார். சோதனைக் குழாய் ஒவ்வொன்றிலும் ஒரு மில்லிலிட்டர் சீனிக் கரைசல், அமிலத்தன்மை மாறாமல் காக்கும் தாங்கல் கரைசல் மூன்று மில்லிலிட்டர், நொதிக் கரைசல் ஒரு மில்லிலிட்டர் எனச் சேர்த்து வினையின் வேகத்தை அளக்கவேண்டும். அவள் பொறுமையாக அளந்திருந்தாள். வரைபடமும் அழகாகவே வரைந்திருந்தாள். ஆனால் அட்டவணையில் தளப்பொருளின் செறிவு என்னும் பத்தியில் 25, 50, 100, 200, 400 என்றே எழுதியிருந்தாள்.

இவை புட்டியின் மேல் ஒட்டப்பட்டிருந்த சீட்டிலுள்ள எண்கள். குழாய்க்குள் நொதி சந்திக்கும் சீனி இந்தச் செறிவில் இல்லை. ஒரு மில்லிலிட்டர் சீனிக் கரைசல் இப்பொழுது ஐந்து மில்லிலிட்டர் நீர்மத்தில் பரவி நிற்கிறது. ஆதலால் அதன் செறிவு ஐந்தில் ஒரு பங்காகக் குறைந்துவிட்டது. எழுதியிருக்க வேண்டிய எண்கள் 5, 10, 20, 40, 80. அவள் கண்டறிந்த மைக்கேலிஸ் மாறிலி 85 மில்லிமோலார். வந்திருக்க வேண்டியது 17. சரியாக ஐந்து மடங்கு பிழை. உச்ச வேகம் மட்டும் சரியாக வந்திருந்தது. ஏனெனில் எல்லாச் செறிவுகளையும் ஒரே மடங்கில் பிழையாக எழுதினால் வரைபடம் பக்கவாட்டில் நீளுமேயன்றி அதன் உயரம் மாறாது.

நான் அவளிடம் கேட்டேன்: "கரைசலை நீர்க்கச் செய்தால் செறிவைக் கணக்கிடும் வாய்பாடு தெரியுமா, அம்மா?"

தயக்கமின்றிச் சொன்னாள். முதற்செறிவை முதற்கன அளவால் பெருக்கினால், அது இறுதிச் செறிவை இறுதிக் கன அளவால் பெருக்கியதற்குச் சமம் என்னும் வாய்பாட்டை எழுத்துக் குறியீடுகளோடு ஆங்கிலத்தில் ஒப்புவித்தாள். மலாய் மொழியிலும் ஒப்புவித்தாள். தேர்வில் அவ்வாய்பாட்டுக் கேள்விகளுக்கு முழுப் புள்ளி பெற்றவளாம். ஆனால் அந்தக் குழாயின் முன் நின்றபோது அவ்வாய்பாடு அவள் நினைவுக்கு வரவில்லை. கேள்வித்தாளில் 'நீர்க்கச் செய்க' என்று எழுதியிருந்தால் பயன்படுத்தியிருப்பாள். இங்கே அச்சொல் இல்லை. தாங்கல் கரைசலைச் சேர்ப்பதும் நீர்க்கச் செய்வதே என்பதை அவளுக்கு எவரும் காட்டவில்லை.

இப்பொழுது சொல்லுங்கள், பெற்றோர்களே. வாய்பாட்டை அவள் எம்மொழியில் கற்றாள்? இடைநிலைப்பள்ளியில் மலாயில் கற்றாள், கல்லூரியில் ஆங்கிலத்தில் கற்றாள். தமிழில் கற்கவே இல்லை. கற்ற இரு மொழிகளிலும் அது அவள் நாவில் நின்றதேயன்றி கைக்கு வரவில்லை. அவ்வாறிருக்கப் பழி மட்டும் தமிழுக்கு வருவது எந்த நியாயம்?

1913இல் நடந்தது என்ன?

"இவையெல்லாம் உயர்ந்த அறிவியல், தமிழ்ப்பள்ளிப் பாடத்திற்கும் இதற்கும் என்ன தொடர்பு?" எனச் சிலர் கேட்கலாம். தொடர்பு எவ்வளவு நெருக்கமானது என்பதை அந்த அறிவியலின் வரலாறே காட்டும்.

பாரிசில் விக்டர் ஆன்றி என்பவர் 1903இல் நொதியின் வேகத்திற்கும் தளப்பொருளின் செறிவுக்கும் உள்ள உறவைச் சமன்பாடாக எழுதினார். அவருடைய கருத்து சரியானதே. ஆயினும் அவருடைய ஆய்வில் கரைசலின் அமிலத்தன்மை கட்டுக்குள் வைக்கப்படவில்லை. அமிலத்தன்மையை அளக்க இன்று நாம் பயன்படுத்தும் அளவுகோலை டென்மார்க்கின் சோரன்சன் முன்வைத்ததே 1909இல்தான். அதன்பின் பெர்லினில் லியோனோர் மைக்கேலிஸ் என்பவரும், கனடாவிலிருந்து அவரிடம் ஆய்வு செய்ய வந்த மோட் மெண்டன் என்னும் பெண் மருத்துவரும் அதே ஆய்வை அமிலத்தன்மை மாறாமல் காத்துச் செய்து 1913இல் வெளியிட்டனர். இன்று உலகமெங்கும் மாணவர்கள் கற்பது அவ்விருவர் பெயரால் அமைந்த சமன்பாட்டையே.

அவர்கள் எடுத்துக்கொண்ட தளப்பொருள் என்ன? சீனி. எத்தனை விதமான செறிவுகள்? 0.333 மோலாரில் தொடங்கி, ஒவ்வொன்றும் முந்தியதில் ஏறத்தாழப் பாதியாகக் குறைந்து 0.0052 மோலார் வரை. பாதி, பாதியின் பாதி, அதன் பாதி. நம் பிள்ளைகள் தொடக்கநிலையிலேயே ஒரு தாளை மடித்து மடித்துக் கற்கும் பின்னம் இதுதான். அவர்கள் கண்ட மாறிலி 0.0167 மோலார். வீட்டு மொழியில் சொல்வதானால், ஒரு லிட்டர் நீரில் ஏறத்தாழ 5.7 கிராம் சீனி. ஒரு தேக்கரண்டிக்குச் சற்றே மிகுதி.

அவர்களுக்கு முன்னவர் கோட்டைவிட்டதும் இவர்கள் பிடித்துக்கொண்டதும் என்ன என்பதை எண்ணிப் பாருங்கள். ஒன்றை மட்டும் மாற்று. ஒன்றை அளந்து பார். மற்றனைத்தையும் மாறாமல் வைத்திரு. தற்சார்பு மாறி, சார்பு மாறி, கட்டுப்படுத்தப்பட்ட மாறி என்று நாம் தமிழ்ப்பள்ளியில் கற்பிக்கும் அறிவியல் செயற்பாங்குத் திறன் இதுவன்றி வேறென்ன? அமிலத்தன்மை, வெப்பநிலை, நொதியின் அளவு, மொத்தக் கன அளவு ஆகியவை கட்டுப்படுத்தப்பட்ட மாறிகள். தளப்பொருளின் செறிவு தற்சார்பு மாறி. வினையின் வேகம் சார்பு மாறி. நான்காம் ஆண்டு மாணவன் பட்டியலிடத் தக்கது.

இன்னொன்றும் அவர்கள் செய்தனர். வினை தொடங்கியவுடன் உள்ள வேகத்தையே கணக்கில் எடுத்தனர். நேரம் செல்லச் செல்லச் சீனி குறைந்துகொண்டே வரும். விளைபொருள்களும் பெருகி நொதியைத் தடுக்கும். ஆகவே செறிவு இவ்வளவு என்று நாம் உறுதியாகச் சொல்லக்கூடிய நேரம் தொடக்கம் மட்டுமே. இதனைப் புரிந்துகொள்ள ஆங்கிலப் புலமை வேண்டுவதில்லை. காலையில் நிரப்பிய தண்ணீர்ப் புட்டியில் மாலையிலும் அதே அளவு நீர் இருக்காது என்று அறிந்த பிள்ளைக்கு இது விளங்கும்.

இன்னுமொரு செய்தி. ஆன்றி எழுதியது பிரெஞ்சு மொழியில். மைக்கேலிசும் மெண்டனும் வெளியிட்டது ஜெர்மன் மொழியில். ஆங்கில உலகம் அதனை வாங்கிக் கற்றுக்கொண்டது. எந்த மொழிக்குப் பெயர்ந்தபோதும் அச்சமன்பாட்டின் ஓர் எண்கூட மாறவில்லை.

கணக்கு எங்கே கடினமாகிறது?

தாளின் இறுதியில் ஒரு கேள்வி இருந்தது. வினையின் வேகம் உச்ச வேகத்தில் 80 விழுக்காட்டை எட்டவேண்டுமானால் தளப்பொருளின் செறிவு எவ்வளவு இருக்கவேண்டும்? மாணவி அதனைத் தொடவே இல்லை. சமன்பாட்டைத் திருப்பி எழுதத் தெரியவில்லை என்றாள்.

நம் பள்ளிச் சிற்றுண்டிச்சாலையை எண்ணிக்கொள்ளுங்கள். உணவு பரிமாற ஐந்து பேர் நிற்கின்றனர். ஓய்வு மணி அடித்தவுடன் ஒருவர் இருவராகப் பிள்ளைகள் வந்தால் பரிமாறுவோரில் பலர் சும்மா நிற்பர். கூட்டம் கூடக் கூட வேகம் கூடும். ஐவரும் ஓயாமல் பரிமாறும் நிலை வந்தபின் வாசல் வரை வரிசை நீண்டாலும் வேகம் கூடாது. பரிமாறுவோரே நொதி, பிள்ளைகள் தளப்பொருள், கூட்டத்தின் நெருக்கமே செறிவு. பரிமாறுவோரில் சரிபாதிப் பேரின் கைகளுக்கு வேலை கிடைக்கும் அளவுக்கு எவ்வளவு நெருக்கம் தேவையோ அதுவே மைக்கேலிஸ் மாறிலி.

இதனை மனத்தில் இருத்திக்கொண்டால் சமன்பாட்டைத் திருப்பி எழுதவேண்டிய தொல்லையே இல்லை. எட்டிய வேகத்திற்கும் எட்டாமல் எஞ்சிய வேகத்திற்கும் உள்ள விகிதம் எதுவோ, தளப்பொருளின் செறிவுக்கும் மாறிலிக்கும் உள்ள விகிதமும் அதுவே. 80 விழுக்காடு எட்டினால் எஞ்சியது 20. எண்பதை இருபதால் வகுத்தால் நான்கு. எனவே மாறிலியைப்போல் நான்கு மடங்கு செறிவு வேண்டும். மாறிலி 17 என்றால் 68 மில்லிமோலார். 50 விழுக்காடு என்றால் எஞ்சியதும் 50. ஆகவே செறிவு மாறிலிக்குச் சமம். 75 விழுக்காட்டுக்கு மூன்று மடங்கு. 90 விழுக்காட்டுக்கு ஒன்பது மடங்கு, அதாவது 153 மில்லிமோலார். 80இலிருந்து 90க்குச் செல்ல இருமடங்குக்கும் மேலாகச் சீனி வேண்டியிருக்கிறதே என்று ஒரு பிள்ளை வியந்தால் அப்பிள்ளைக்கு நொதியியல் புரிந்துவிட்டது என்று பொருள்.

விழுக்காடும் விகிதமும் ஆறாம் ஆண்டு முடிப்பதற்குள் தமிழில் நாம் கற்பிக்கும் கணிதம். பல்கலைக்கழகக் கேள்வியின் உள்ளே அமர்ந்திருப்பது இந்தக் கணிதமே. அப்படியானால் தமிழ்ப்பள்ளி அவளுக்குக் கொடுத்த அடிப்படை பழுதானதன்று. அதனை மேலே கொண்டுசென்று இணைக்கும் வேலையை எவரும் செய்யவில்லை.

மொழியை மாற்றினால் தீருமா?

2003ஆம் ஆண்டில் அறிவியலையும் கணிதத்தையும் ஆங்கிலத்தில் கற்பிக்கும் கொள்கை முதலாம் ஆண்டிலும் முதலாம் படிவத்திலும் ஆறாம் படிவத்தின் கீழ்நிலையிலும் நடைமுறைக்கு வந்தபோது நான் ஆசிரியர் பயிற்சிக் கழகத்திலிருந்து வெளிவந்த புதிய ஆசிரியை. ஏழு வயதுப் பிள்ளைகளின் முன் நின்று ஆங்கிலத்தில் 'கரைகிறது' என்பதற்கான சொல்லைச் சொல்லச் செய்தேன். இருபது குரல்களும் ஒன்றாக ஒலித்தன. வகுப்பு முடிந்தபின் ஒரு சிறுமி என் அருகில் வந்து, "டீச்சர், சீனி எங்க போச்சு?" என்று தமிழில் கேட்டாள். அவ்வகுப்பில் கேட்கப்பட்ட ஒரே அறிவியல் வினா அதுதான். பாடவேளை முழுவதும் அவ்வினா அவள் வாய்க்குள் அடைபட்டுக் கிடந்தது.

2009ஆம் ஆண்டு ஜூலையில் அக்கொள்கையைக் கைவிடும் முடிவு அறிவிக்கப்பட்டது. அதன்பின் படிப்படியாகத் தமிழ் அவ்விரு பாடங்களுக்கும் திரும்பியது. 2016இல் இருமொழித் திட்டம் என்ற பெயரில் அதே எண்ணம் மீண்டும் வந்தது. தமிழ்ப்பள்ளிகளில் அதனை ஏற்பதா மறுப்பதா என்று நம் சமூகமே இரண்டுபட்டு நின்றதை நாம் அறிவோம்.

எம் பிள்ளைகளுக்கு ஆங்கிலம் வேண்டாம் என்று நான் ஒருநாளும் சொல்லவில்லை. வேண்டும், நன்றாகவே வேண்டும். அதனை ஆங்கிலப் பாடவேளையில் தேர்ந்த ஆசிரியர் கற்பிக்கட்டும். ஆனால் புரியாத கருத்தைப் புரியாத மொழியில் கொடுத்து இரண்டையும் ஒரே நேரத்தில் பெற்றுவிடலாம் என்பது பேராசை. முதலில் பொருள் விளங்கவேண்டும். விளங்கிய பொருளுக்கு இன்னொரு மொழியில் பெயர் கற்பது எளிது. பொருள் விளங்காத பெயர் எம்மொழியில் இருந்தாலும் வெற்றொலியே. அம்மாணவியின் வாய்பாடே இதற்குச் சான்று.

"நொதி, தளப்பொருள், செறிவு என்ற சொற்களைக் கற்று எங்கே பயன்படுத்துவது?" என்று கேட்போர் உண்டு. செறிவு என்ற சொல்லைப் பாருங்கள். செறிதல் என்றால் நெருங்குதல், அடர்தல். சொல்லைக் கேட்டவுடனேயே பொருள் கண்முன் நிற்கிறது. கடையில் அமர்ந்து 'கோப்பி ஓ காவ்' என்று கேட்கும் தந்தைக்குச் செறிவு தெரியும். திருவிழாவில் சிராப் கலக்கும் தாய்க்குச் செறிவு தெரியும். ஒரு குவளைச் சிராப்பில் நான்கு குவளைத் தண்ணீர் ஊற்றினால் இனிப்பு ஐந்தில் ஒன்றாகும் என்று அறிந்தவள், அந்தச் சோதனைக் குழாயின் கணக்கை முன்பே செய்து முடித்தவள். அந்த அறிவைப் பிள்ளையின் பாடத்தோடு இணைக்கும் மொழி எது? வீட்டில் பேசும் மொழியே.

இலங்கையைப் பாருங்கள். அங்கே க.பொ.த. உயர்தரம் வரை உயிரியலையும் வேதியியலையும் தமிழ்வழியில் பயிலலாம். நொதியை நொதியம் என்றும் தளப்பொருளைக் கீழ்ப்படை என்றும் சொல்லி, செறிவு கூடினால் வேகம் எவ்வாறு மாறும் என்பதைத் தமிழிலேயே எழுதித் தேறுகின்றனர். தேறியவர்கள் மருத்துவக் கல்லூரியில் ஆங்கிலவழிக் கல்விக்கு மாறி மருத்துவர்களாகின்றனர். அதற்கும் முன்பே, 1847இல் யாழ்ப்பாணம் வந்த அமெரிக்க மருத்துவர் சாமுவேல் ஃபிஸ்க் கிரீன் மானிப்பாயில் மேனாட்டு மருத்துவத்தைத் தமிழில் கற்பித்தார். மருத்துவ நூல்களைத் தமிழாக்கினார். அயல்நாட்டவர் ஒருவருக்குத் தமிழின்மீது இருந்த நம்பிக்கை நமக்கு இல்லாமற்போனது ஏன்?

நம்மீதும் குற்றம் உண்டு

தமிழ்மீது பழியில்லை என்றேன். தமிழாசிரியர்மீது பழியில்லை என்று சொல்லமாட்டேன். இதனைப் படிக்கும் என் சக ஆசிரியர்கள் பொறுத்தருள வேண்டும்.

இரண்டாம் ஆண்டு அறிவியலில் கலவை என்னும் பாடம் உள்ளது. எந்தப் பொருள் நீரில் கரையும், எது கரையாது, விரைவில் கரைக்க என்ன செய்யலாம் என்று பிள்ளைகள் கற்கவேண்டும். நம்மில் எத்தனை பேர் அதனைக் குவளையும் கரண்டியும் கொண்டு நடத்துகிறோம்? எத்தனை பேர் பயிற்சித்தாளை நீட்டி, சீனிக்கு நேரே சரி, மணலுக்கு நேரே தவறு என்று அடையாளமிடச் செய்து முடித்துவிடுகிறோம்? யு.பி.எஸ்.ஆர். தேர்வு இருந்தவரை அத்தேர்வைக் காரணம் காட்டினோம். 2021இல் அத்தேர்வு நீக்கப்பட்டது. பயிற்சித்தாள் நீங்கவில்லை. கட்டுப்படுத்தப்பட்ட மாறி எது என்று கேட்டால் விடை எழுதும் பிள்ளை, அதனை ஏன் கட்டுப்படுத்த வேண்டும் என்று கேட்டால் விழிக்கிறது. அந்த விழிப்பே பத்தாண்டுகள் கழித்துச் சிவப்பு மையாகத் திரும்பி வருகிறது.

நானும் அவ்வாறு நடத்தியவளே. அதனால்தான் இதனை எழுதும் துணிவு வந்தது. சில ஆண்டுகளாக வேறு வழியில் முயன்று வருகிறேன். செலவு ஐந்து வெள்ளிக்கு மேல் ஆகாது. ஆறு கண்ணாடிக் குவளைகள். முதற்குவளையில் சிராப். அதில் பாதியை இரண்டாம் குவளையில் ஊற்றி, முன்பிருந்த மட்டம் வரை தண்ணீர் நிரப்பிக் கலக்கவேண்டும். அதில் பாதி மூன்றாம் குவளைக்கு. இவ்வாறே ஆறு வரை. செந்நிறம் படிப்படியாக வெளிறிக்கொண்டே போகும். இப்பொழுது கேளுங்கள்: மூன்றாம் குவளையில் சிராப் எத்தனை பங்கு? ஆறாவதில்? கால் என்றும், முப்பத்திரண்டில் ஒன்று என்றும் விடை வரும். மைக்கேலிசும் மெண்டனும் பாதி பாதியாகக் குறைத்த வரிசையைப் பிள்ளை தன் கையாலேயே செய்துவிட்டது.

பெரிய வகுப்பானால் இன்னும் ஒரு படி மேலே போகலாம். ஒரே அளவு வெதுவெதுப்பான நீர், ஒரே அளவு ஈஸ்ட், வெவ்வேறு அளவு சீனி. புட்டியின் வாயில் பலூன். எப்புட்டியின் பலூன் விரைந்து எழுகிறது என்று பார்க்கலாம். பலூன் காட்டுவது ஒரே ஒரு நொதியின் வேகத்தை அன்று. உயிருள்ள ஈஸ்ட்டின் முழுச் செயலையும் காட்டுகிறது. சீனி மிகுந்துபோனால் ஈஸ்ட்டே தளர்ந்துவிடும். இவ்வேறுபாட்டையும் பிள்ளைகளிடம் மறைக்காமல் சொல்லவேண்டும்.

அத்தகைய வகுப்பொன்றில் ஐந்தாம் ஆண்டு மாணவன் ஒருவன் இரண்டு புட்டிகளிலும் ஒரு கரண்டிச் சீனி போட்டான். ஒன்றில் மட்டும் இருமடங்கு நீர் ஊற்றினான். "ரெண்டுலயும் ஒரே சீனிதான் டீச்சர்" என்று சாதித்தான். ஒரு துளி நாவில் வைத்துப் பார்க்கச் சொன்னேன். ஈஸ்ட் இன்னும் சேர்க்கவில்லை. சுவைத்தவன் சற்று நேரம் பேசவில்லை. பிறகு, "சீனி ஒன்னுதான், ஆனா இது பரவிப்போச்சு" என்றான். அளவு வேறு, செறிவு வேறு என்பதை அவன் பதினொரு வயதில் நாவால் அறிந்தான். மெட்ரிகுலேஷன் மாணவி பதினெட்டு வயதில் தவறவிட்டதும் இதையே. அவளுக்கு நான் ஆறாண்டுகள் ஆசிரியை. அந்தக் குவளையை அவள்முன் நான் ஒருநாளும் வைக்கவில்லை.

அன்று நடந்ததைச் சொல்லி முடிக்கிறேன்

என் உணவு மேசையில் சிராப் புட்டியையும் ஐந்து குவளைகளையும் வைத்து அப்பிள்ளையை அமரச் செய்தேன். ஒரு பங்கு சிராப், மூன்று பங்கு நீர், மேலும் ஒரு பங்கு நீர். "இதில் நொதி எந்தச் சிராப்பைப் பார்க்கிறது, அம்மா? புட்டியில் உள்ளதையா, குவளையில் உள்ளதையா?" என்று கேட்டேன். அவள் விடை சொல்லவில்லை. தாளை இழுத்து, செறிவுப் பத்தியிலிருந்த எண்களை ஒவ்வொன்றாக அடித்து ஐந்தால் வகுத்து எழுதத் தொடங்கினாள். 85 என்பது 17 ஆயிற்று. 80 விழுக்காட்டுக் கேள்விக்கும் தானே விடை எழுதினாள். அரைமணி நேரம்கூட ஆகவில்லை. தாயார் அருகிலேயே அமர்ந்து பார்த்துக்கொண்டிருந்தார். "இது நான் வீட்டுல தினம் செய்யறதுதானே டீச்சர்" என்றார்.

தம்பியை எந்தப் பள்ளியில் சேர்ப்பது என்று அவர்கள் இன்னும் முடிவு செய்யவில்லை. அது அவர்களின் உரிமை, நான் வற்புறுத்தவில்லை. ஆனால் அம்முடிவுக்குச் சிவப்பு மைத் தாள் காரணமாகக் கூடாது என்று மட்டும் சொன்னேன்.

பெற்றோர்களே, உங்கள் பிள்ளை அறிவியலில் தடுமாறினால் மொழியைக் குறை சொல்லும்முன், "இது நம் வீட்டில் எங்கே நடக்கிறது?" என்று பிள்ளையிடம் தமிழில் கேட்டுப் பாருங்கள். ஆசிரியர்களே, கலவைப் பாடம் வரும் வாரத்தில் பயிற்சித்தாளை ஒருநாள் ஒதுக்கிவைத்து, ஆறு குவளைகளோடு வகுப்புக்குள் நுழையுங்கள். சிராப் செலவை என்னிடம் கேட்டாலும் தருகிறேன்.

அன்புடன்,
ஜொகூரிலிருந்து ஒரு தமிழ்ப்பள்ளி ஆசிரியை